பம்ப் ஷாஃப்டில் மெட்டலைசிங் உரிந்து வருகிறது: பாண்ட் கோட்டுக்கு எந்த வயர் வாங்குவது?

கேள்வி இதுதான்: கோவையில் ஒரு சின்ன பட்டறை. மெட்டலைசிங் செய்ய, அதாவது இரண்டு வயரின் முனைகளை மின் ஆர்க்கில் உருக்கிக் காற்றால் ஊதிப் பரப்பில் படியவைக்க, இரட்டை வயர் ஆர்க் ஸ்பிரே மெஷின் வைத்திருக்கிறார்கள். பம்ப் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால், 13 சதவீத குரோம் ஸ்டீல் வயரை நேரடியாக அடித்துக் கனம் ஏற்றி, கிரைண்டிங் செய்து கொடுக்கிறார்கள். சமீபத்தில் இரண்டு ஷாஃப்டில் கோட்டிங் உரிந்து திரும்பி வந்துவிட்டது. மேல் கோட்டுக்கு அடியில், ஷாஃப்டோடு நன்றாக ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் மெல்லிய அடுக்கான பாண்ட் கோட்டைப் போடச் சொல்கிறார்கள் தெரிந்தவர்கள். ஒருவர் நிக்கல் அலுமினியம் என்கிறார், இன்னொருவர் அலுமினியம் பிரான்ஸே போதும், விலை குறைவு என்கிறார், பழைய ஆள் ஒருவர் மாலிப்டினத்தை விட்டால் வேறு எதுவும் பிடிக்காது என்கிறார். போதாக்குறைக்குக் கடல் தண்ணீர் ஏற்றும் பம்பின் வேலை ஒன்றும் வந்திருக்கிறது. எதை வாங்குவது?

நேரடியாகச் சொன்னால், உங்கள் வேலைக்கு 95 பங்கு நிக்கல், 5 பங்கு அலுமினியம் உள்ள வயர். 1.6 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்பதை உங்கள் ஸ்பிரே துப்பாக்கியின் ரோலரும் டிப்பும் முடிவு செய்யும். ஆனால் அதை வாங்கி மாட்டியதும் உரிவது நின்றுவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதனால் வயர் பேச்சுக்கு முன்னால் ஒரு விஷயம்.

உரிந்து வந்த கோட்டிங்கின் சில்லு கையில் இருக்கிறதா? இருந்தால் அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். ஷாஃப்டோடு ஒட்டியிருந்த பக்கம். அது வழவழவென்று, லேத் அடையாளம் அப்படியே அச்சு எடுத்ததுபோல இருந்தால், பிளாஸ்டிங், அதாவது கிரிட் என்ற கூர்மையான துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கும் வேலை, சரியில்லை. கிரிட் மழுங்கியிருக்கும், அல்லது ஷாஃப்ட் மேல்தோல் கடினமாக இருந்து கிரிட் கடிக்காமல் போயிருக்கும். உள்பக்கம் சொரசொரப்பாக இருந்து, ஆனால் பழுப்பாகவோ நீலமாகவோ இருந்தால், பிளாஸ்டிங் முடிந்த பிறகு துரு ஏறியிருக்கிறது, அல்லது சூடு அதிகமாகி ஆக்சைடு படிந்திருக்கிறது. மஞ்சள் கறை, எண்ணெய் வாடை என்றால் கம்ப்ரெஸர் காற்றில் எண்ணெய் வருகிறது. சில்லு இரண்டு அடுக்காகப் பிளந்து, பாதி ஷாஃப்டிலேயே ஒட்டியிருந்தால் அது ஒட்டும் பிரச்சினையே இல்லை. கோட்டிங்கே உள்ளுக்குள் பலவீனம், அடித்த விதத்தில் கோளாறு. இந்த நான்கில் பாண்ட் கோட் வயர் ஓரளவுக்கு உதவக்கூடியது முதலாவதற்கு மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் உலகத்திலேயே விலை உயர்ந்த வயரை வாங்கினாலும் பலன் இல்லை.

சரி, இப்போது வயருக்கு வருவோம்.

சாதாரண ஸ்டீல் வயரை ஆர்க்கில் உருக்கிக் காற்றால் ஊதினால், துளி ஷாஃப்டில் மோதி அப்பளமாகத் தட்டையாகி, நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உறைந்துவிடும். அது ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் மேடுபள்ளத்தைக் கவ்விப் பிடிப்பதால்தான். வெல்டிங்போல உலோகத்தோடு உலோகம் கலப்பது மிகக் குறைவு. பாண்ட் கோட் என்று தனியாகச் சில உலோகங்களைச் சொல்வதற்குக் காரணம், அவற்றின் துளி மோதும் நேரத்தில் அடிப்பரப்பை ஆங்காங்கே நுண்ணிய அளவில் உருக்கியோ, அதோடு வினைபுரிந்தோ ஒட்டிக்கொள்கிறது. கவ்வுவதோடு கொஞ்சம் வெல்டிங்கும் சேர்ந்துகொள்கிறது.

மாலிப்டினத்தின் கதை இதில் சுவாரசியமானது. அதன் உருகுநிலை 2600 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இரும்பு சுமார் 1540 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே உருகிய மாலிப்டினத் துளி ஒன்று ஸ்டீலில் விழுந்தால், விழுந்த இடத்தில் ஸ்டீலே லேசாக உருகி அதோடு சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் இன்னொரு அனுகூலம்: மாலிப்டினத்தின் ஆக்சைடு அந்தச் சூட்டில் ஆவியாகப் பறந்துவிடும். மற்ற உலோகங்களில் ஆக்சைடு படலம் துளியின் மேல் தோலாக இருந்து ஒட்டுவதைக் கெடுக்கும். இங்கே துளி சுத்தமாக வந்து விழுகிறது. உங்கள் பழைய ஆள் சொன்னது அவர் காலத்துக்குச் சரிதான். ஆக்ஸிஜன் அசிட்டிலீன் ஃபிளேம் துப்பாக்கியில் 3.2 மில்லிமீட்டர் வயர் ஓட்டிய நாட்களில், மெட்டலைசிங் செய்தவர்களுக்குப் பாண்ட் கோட் என்றால் மாலிப்டினம்தான். பிஸ்டன் ரிங்கிலும் கியர்பாக்ஸின் சிங்க்ரோனைசர் ரிங்கிலும் மாலிப்டினம் அடித்ததும் அப்படி வந்ததுதான், அங்கே அது பாண்ட் கோட்டாக இல்லாமல் தேய்மானம் தாங்கும் மேல் கோட்டாகவே வேலை செய்தது.

குறை என்ன? காற்றில் 300 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் இடத்தில் மாலிப்டினம் ஆக்சைடாகித் தின்னப்பட்டுவிடும். செம்பு, பித்தளை, பிரான்ஸ் மேல் ஒட்டாது. விலையும் அதிகம். ஆர்க் துப்பாக்கியிலும் ஓட்டலாம் என்றாலும், உங்களைப் போன்ற பட்டறையில் ஒரே மெஷினை வைத்துக்கொண்டு இதற்காகத் தனியாகச் செட்டிங் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிக்கல் அலுமினியத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நிக்கலும் அலுமினியமும் சேரும்போது வெப்பம் உமிழும், அந்த வெப்பத்தில்தான் ஒட்டுகிறது என்பார்கள். நிக்கல் துகளையும் அலுமினியத் துகளையும் ஒன்றாக ஒட்டவைத்த பவுடருக்கு இது பொருந்தும். ஃபிளேமிலோ பிளாஸ்மாவிலோ போகும்போது இரண்டும் வினைபுரிந்து நிக்கல் அலுமினைடு ஆகும், சூடும் வரும். ஆனால் நீங்கள் வாங்கப்போகும் 95/5 திட வயரில் இரண்டும் ஏற்கனவே உருக்கிக் கலந்த உலோகம். அந்த வினை ஆலையிலேயே முடிந்துவிட்டது. இந்த வயர் நன்றாக ஒட்டுவதற்குக் காரணம் வேறு. ஆர்க்கின் சூட்டில் துளி உருகுநிலைக்கு வெகு மேலே சூடேறுகிறது. பறந்து வரும் வழியில் அதிலுள்ள அலுமினியம் காற்றோடு எரிந்து அந்தச் சூட்டை ஆறவிடாமல் தாங்குகிறது. நிக்கலுக்கு ஸ்டீலோடு நல்ல ஒட்டுறவு. எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிடிமானம்.

இது படிப்பாளிப் பேச்சு இல்லை, செட்டிங்குக்கு நேரடியாகத் தொடர்பு உள்ளது. துளி பெரிதாகவும் சூடாகவும் வந்து சேரவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே பாண்ட் கோட் அடிக்கும்போது காற்றழுத்தத்தை மேல் கோட்டுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், துப்பாக்கியைக் கிட்டே பிடியுங்கள். 100 முதல் 150 மில்லிமீட்டர் தூரம் சரியாக வரும். வோல்டேஜ் 30-ஐ ஒட்டி இருக்கட்டும். ஆர்க் திணறாமல் எரியும் மிகக் குறைந்த வோல்டேஜ் எதுவோ அதில் நிறுத்துங்கள். அதிகமாக்கினால் புகையும் ஆக்சைடும்தான் கூடும். காற்றைக் குறைத்து அடித்ததில் பரப்பு மணல்தாள்போலக் கரடுமுரடாக வரும். அதுதான் வேண்டும். மேல் கோட் அந்தக் கரடுமுரடைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறது. அழகாக இல்லையே என்று பாண்ட் கோட்டை எமரித் தாளால் தேய்த்த ஒரு ஹெல்பரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பையன், வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தவன். அந்த ஷாஃப்டை முழுவதும் சுரண்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தோம்.

கனம் 0.1 மில்லிமீட்டர் போதும். 0.075-க்குக் குறைந்தால் இடைவெளி விடும், 0.15-க்கு மேல் போவதில் லாபம் இல்லை. தேய்மானம் குறைவாக இருக்கும் ஷாஃப்டில் மேல் கோட்டே வேண்டாம், முழுக்க நிக்கல் அலுமினியத்தையே ஏற்றிக் கிரைண்டிங் செய்யலாம். விமான எஞ்சின் பாகங்களில் அளவை மீட்பதற்கு அப்படித்தான் இந்த 95/5-ஐப் பயன்படுத்துகிறார்கள். கடினம் குறைவு என்பதால் ஆயில் சீல் ஓடும் இடத்துக்கு ஆகாது. பேரிங்கின் உள்வளையம் இறுகி உட்காரும் இடத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதன் பிடிமானத்தை ஏஎஸ்டிஎம் சி633 என்ற முறையில் சோதிப்பார்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் முகத்தில் கோட்டிங் அடித்து, அதன் மேல் இன்னொரு உருளையைப் பசையால் ஒட்டி, இரண்டையும் இழுத்துப் பிரிப்பது. நன்றாக அடித்த 95/5 நிக்கல் அலுமினியம் 50 மெகா பாஸ்கலுக்கு மேல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் தாங்கும். சில சமயம் கோட்டிங்குக்கு முன்னால் பசையே விட்டுவிடும். வயர் விற்பவர் நீட்டும் தாளில் இந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் சரியாகத் தயார்செய்த தட்டையான சின்ன முகத்தில் கிடைத்தது. உங்கள் ஷாஃப்டில் கீவே, விளிம்பு, எண்ணெய்த் துளை எல்லாம் இருக்கிறது.

அலுமினியம் பிரான்ஸ் வயர், செம்பில் 9, 10 சதவீதம் அலுமினியம் கலந்தது, இதுவும் தானாக ஒட்டும் வகைதான். மோசமான வயர் என்று சொல்லமாட்டேன். அடிப்பாகம் பிரான்ஸாகவோ பித்தளையாகவோ இருந்து மேலேயும் பிரான்ஸே ஏற்றப் போகிறீர்கள் என்றால், நான் இதைத்தான் எடுப்பேன். தனிப் பாண்ட் கோட்டே தேவைப்படாது. ஆனால் ஸ்டீல் ஷாஃப்டுக்கும் குரோம் ஸ்டீல் மேல் கோட்டுக்கும் நடுவே செம்புக் கலவையைக் கொண்டுபோய் வைப்பதை நான் விரும்புவதில்லை. பிடிமானம் நிக்கல் அலுமினியத்தைவிடக் குறைவு, சூடு தாங்குவதும் குறைவு, ஈரம் உள்ளே போனால் செம்புக்கும் ஸ்டீலுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கி ஸ்டீல்தான் முதலில் போகும். அமோனியா உள்ள இடத்தில் செம்பு நிற்காது. அதனால் குளிர்பதன ஆலை வேலைக்கு இது வேண்டவே வேண்டாம்.

விலை குறைவு என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளம் உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 283 சதுர சென்டிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு 2.8 கன சென்டிமீட்டர், எடையில் 21 கிராம். பக்கவாட்டில் பறந்து வீணாவதையும் தூளாவதையும் சேர்த்தாலும் 50 கிராமுக்குள் முடிந்துவிடும். ஒரு கிலோ நிக்கல் அலுமினிய வயரில் இருபது ஷாஃப்ட் செய்யலாம். விலை கிலோவுக்குக் கேட்கும்போது நெஞ்சை அடைக்கும், ஷாஃப்டுக்கு என்று வகுத்தால் திரும்பி வந்த ஒரு ஷாஃப்டை மறுபடி லேத்தில் ஏற்றும் கூலிக்குக்கூட ஆகாது. இதே காரணத்தால் ஒரு பக்கம் நிக்கல் அலுமினியமும் மறுபக்கம் குரோம் ஸ்டீலும் மாட்டி ‘மிச்சம்’ பிடிப்பதும் வேண்டாம். துளிகள் கலந்து விழும். பாதி இடத்தில் பாண்ட் கோட் இருக்கும், மீதியில் இருக்காது.

உண்மையில் பட்டறைகளில் பாண்ட் கோட்டைத் தவிர்ப்பதற்குக் காரணம் விலை இல்லை, சோம்பல் என்றே சொல்வேன். ஒரே துப்பாக்கி. பாண்ட் வயரை ஓட்டிவிட்டு, இரண்டு ஸ்பூலையும் கழற்றி, மேல் கோட் வயரை மாட்டி, டிப்பைப் பார்த்து மறுபடி ஆரம்பிக்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். இதற்கு நாங்கள் கண்ட வழி: ஷாஃப்டுகளைச் சேர்த்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாஸ்ட் செய்து, ஒவ்வொன்றுக்கும் உடனே பாண்ட் கோட் அடித்துவிடுவது. எல்லாம் முடிந்ததும் ஒரே தடவை வயர் மாற்றி மேல் கோட். பிளாஸ்ட் செய்த வெறும் ஸ்டீல் காத்திருக்காது. ஆனால் நிக்கல் அலுமினியம் போர்த்திய பரப்பு, கை படாமல், தூசி இல்லாமல், உலர்ந்த இடத்தில் இருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். கை படாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விரல் ரேகை ஒன்று போதும்.

பிளாஸ்டிங் பற்றி இங்கே சொல்லாமல் போனால் மேலே எழுதியது எல்லாம் வீண். அலுமினியம் ஆக்சைடு கிரிட், 24 மெஷ் அளவில், முனை கூர்மையாக இருக்கவேண்டும். உருண்டையான ஸ்டீல் ஷாட் பரப்பைத் தட்டி மினுமினுப்பாக்கும், கடிக்காது. ஸ்டீல் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, வெள்ளை உலோகம் என்பார்களே அந்த அளவுக்கு வரவேண்டும். மேடுபள்ளம் 50 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஷாஃப்டின் வெப்பநிலை அன்றைய பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இல்லாவிட்டால் அடிக்காதீர்கள். கோவையில் இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, மழை நாளில் கவனம் போதும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ காலை நேரத்தில் பிளாஸ்ட் செய்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஷாஃப்ட் லேசாகப் பழுப்பேறியிருக்கும்.

பழைய ஷாஃப்டில் ஹார்டு குரோம் முலாம் இருந்தால் அதை முழுவதும் எடுங்கள். நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய, தோலையும் எடுங்கள். நிக்கல் அலுமினியம் எதன் மேலும் ஒட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எதன் மேலும் ஒட்டும் என்பவர் உரிந்து வந்ததைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரமாட்டார். கேஸ்ட் அயர்ன் என்றால் எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும். சூடுபண்ணி எண்ணெயைக் கசியவிட்டு எரித்த பிறகுதான் பிளாஸ்டிங். அண்டர்கட் எடுக்கும்போது, அதாவது கோட்டிங்குக்கு இடம்விட்டுத் தேய்ந்த பகுதியை லேத்தில் குறைக்கும்போது, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாகவோ ரேடியஸாகவோ விடுங்கள். செங்குத்து மூலையில் துளி சரியாகப் போய்ச் சேராமல் தூள்தான் அடையும், உரிவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஷாஃப்டின் வெளிப்பரப்பில் செய்யும்வரை ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம்: கோட்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும். பேரிங் ஹவுசிங்கின் உள்துளையில் அதே சுருக்கம் எதிரி. சுவரைவிட்டு விலகி வரப் பார்க்கும். ஆரம்ப காலத்தில் ஒரு கேஸ்ட் அயர்ன் ஹவுசிங்கின் துளையில் 304 ஸ்டெயின்லெஸ் வயரைப் பாண்ட் கோட் இல்லாமல் ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றினேன். மறுநாள் காலை போரிங் மெஷினில் ஏற்றப் போனால், வளையல்போல முழுசாகக் கழன்று கையில் வந்தது. 304 அதிகம் சுருங்கும் ரகம். நீங்கள் ஓட்டும் 13 சதவீத குரோம் ஸ்டீல் ஆறும்போது உள்ளமைப்பு மாறிக் கொஞ்சம் விரிவதால், சுருக்கத்தில் ஒரு பகுதி அங்கேயே சரிக்கட்டப்பட்டுவிடும். அதனால்தான் கனமாக ஏற்ற அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்துளை வேலை வந்தால் பாண்ட் கோட் கட்டாயம், மேல் கோட்டுக்கு 304 வேண்டாம்.

சூடான இடம் என்றால், நிக்கல் அலுமினியம் சுமார் 800 டிகிரி வரை சமாளிக்கும். பாய்லர், சூளை பக்கம் போய் அதற்கு மேல் சூடு, கந்தகப் புகை என்றெல்லாம் வந்தால் 80/20 நிக்கல் குரோம் வயரைப் பாருங்கள். ஒட்டுவதில் நிக்கல் அலுமினியத்துக்கு ஒரு படி கீழே, ஆக்சைடு தாங்குவதில் ஒரு படி மேலே. பம்ப் ஷாஃப்டுக்குத் தேவையில்லை.

இனி கடல் தண்ணீர் வேலை. இதில்தான் நான் உங்களை நிதானிக்கச் சொல்வேன். ஆர்க்கில் அடித்த எந்தக் கோட்டிங்கிலும் நுண்துளை இருக்கும். உப்புத் தண்ணீர் அந்த வழியாக மேல் கோட்டையும் பாண்ட் கோட்டையும் தாண்டி ஷாஃப்டைத் தொடும். ஷாஃப்ட் சாதாரணக் கார்பன் ஸ்டீல் என்றால், நிக்கலுக்குப் பக்கத்தில் அதுதான் கரையும். மேலே கோட்டிங் பளபளவென்று இருக்க, அடியில் துரு ஊறிக்கொண்டே போய் ஒருநாள் தகடாகத் தூக்கிவிடும். அங்கே நிக்கல் அலுமினியம் ஒட்டவில்லை என்று பழி வரும். பாவம், அது ஒட்டித்தான் இருந்தது, ஒட்டியிருந்த ஸ்டீல்தான் போய்விட்டது. ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் துணிந்து எடுக்கலாம். அப்போதும் அடித்து ஆறியதும், கிரைண்டிங்குக்கு முன்னாலேயே, நீர்த்த எபாக்சி அல்லது ஃபீனாலிக் சீலரைத் தடவி ஊறவிடுங்கள். கிரைண்டிங் தண்ணீர் துளைக்குள் போவதையும் அது தடுக்கும். கிரைண்டிங் முடிந்ததும் இன்னொரு தடவை. கார்பன் ஸ்டீல் ஷாஃப்ட் என்றால் கோட்டிங்கை நம்பாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுத்தரலாம் என்று சொல்லிவிடுங்கள். வேலை போனாலும் பேர் போகாது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வேலை, பம்பின் அடித்தளச் சட்டம், பைப் தாங்கி போன்றவற்றுக்குத் துருவுக்காக ஜிங்க் அல்லது அலுமினியம் அடித்துத் தரச் சொல்வது. அதற்குப் பாண்ட் கோட் போடவே கூடாது. ஜிங்க் தான் கரைந்து ஸ்டீலைக் காப்பாற்றுகிறது, அதற்கு ஸ்டீலோடு நேரடித் தொடர்பு வேண்டும். நடுவில் நிக்கலை வைத்தால், ஜிங்க் தேய்ந்த இடத்தில் நிக்கல் ஸ்டீலைத் தின்ன ஆரம்பிக்கும். நன்றாகப் பிளாஸ்ட் செய்த ஸ்டீலில் ஜிங்க்கும் அலுமினியமும் தாமாகவே பிடிக்கும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது: திட வயரா, உள்ளே பவுடர் அடைத்த குழல் வயரா என்று கேளுங்கள். குழல் வயர் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் கலவை ஒரே சீராக வருவதும், ரோலரில் நசுங்காமல் ஓடுவதும் தயாரிப்பவரின் கைத்தரத்தைப் பொறுத்தது. புதிதாக ஆரம்பிக்கும் உங்களுக்குத் திட வயர் நிம்மதி. ஹீட் நம்பரோடு (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) வேதியியல் சான்று தரச் சொல்லுங்கள். ஸ்பூலைப் பிரித்ததும் இரண்டு மீட்டர் வயரை இழுத்துத் தரையில் விட்டுப் பாருங்கள். பாம்புபோல முறுக்கிக்கொண்டால் துப்பாக்கியில் இரண்டு வயரின் முனையும் நேராகச் சந்திக்காது, ஆர்க் துப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் வயர் இழுக்கும்போது போட்ட மசகு இன்னும் போகவில்லை. பாதி ஓடிய ஸ்பூலை மெஷினிலேயே விட்டுவைக்காமல் பையில் கட்டி வையுங்கள்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கல் ஆக்சைடுத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், நிக்கல் குரோம் ஓட்டினால் ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்து வரும். கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கும் பழக்கம் இருந்தால் வயர் வாங்கும் அன்றைக்கே நல்ல உறிஞ்சியும் வடிகட்டி முகமூடியும் வாங்குங்கள். காதுக்கும் ஏதாவது வேண்டும், ஆர்க் துப்பாக்கி போடும் சத்தம் உங்களுக்கே தெரியும்.

முதல் ஷாஃப்டைத் தொடுவதற்கு முன்னால், அதே ரக ஸ்டீலில் 3 மில்லிமீட்டர் பட்டை இரண்டு வெட்டி, ஒன்றில் பாண்ட் கோட்டோடும் இன்னொன்றில் இல்லாமலும் அடித்து, வைஸில் பிடித்து வளையுங்கள். கோட்டிங் இரண்டிலும் விரிசல் விடும், அது சகஜம். விரிசல் விட்ட ஓரத்தில் உளியை வைத்துத் தட்டும்போது எது தகடாகக் கிளம்புகிறது, எது பொடிப்பொடியாகத்தான் வருகிறது என்று பாருங்கள். பாண்ட் கோட் போட்ட பட்டையும் தகடாகவே கிளம்பினால், வயரைத் திருப்பிக் கொடுக்கப் போகாமல் கிரிட்டை மாற்றுங்கள்.